பழம் சேர்த்து ஓக் பீப்பாயில் ஊறிய கருப்பு பீர்: ருசித்து மதிப்பெண் போடுவது எப்படி?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் 25 டாலர் கொடுத்து ஒரு பாட்டில் வாங்கினேன். இம்பீரியல் ஸ்டவுட், அதாவது ஆல்கஹால் கூடின கருப்பு பீர். புளிப்புச் செர்ரி சேர்த்து, போர்பன் விஸ்கி இருந்த ஓக் பீப்பாயில் பத்து மாதம் ஊறப்போட்டது. ஆல்கஹால் 12 சதவீதம். நாள் முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, இரவு மட்டன் பிரியாணி சாப்பிட்ட கையோடு நீள டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். சாராய நெடி, கரிந்த கசப்பு, இருமல் மருந்து வாசனை. நோட்டில் 50-க்கு 24 என்று எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன்.

நாலு மாதம் கழித்து, வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்களின் கிளப் ஒன்றில் அதே பீரைப் பெயர் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தார்கள். நான் போட்டது 41. அப்புறம்தான் பாட்டிலைக் காட்டினார்கள். எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. அந்தக் காசை மட்டும் இல்லை, நல்ல பீர் ஒன்றையும் வீணாக்கியிருந்தேன். அன்றிலிருந்து நான் ஒவ்வொன்றாகத் தப்புச் செய்து கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் இருப்பது மிச்சிகன் என்பதால் சட்டமும் விலையும் இந்த ஊர்க் கணக்கு.

1. வாங்குவதற்கு முன் லேபிளைப் படியுங்கள்

நாலு விஷயம் பாருங்கள்: ஆல்கஹால் எவ்வளவு, என்ன பழம், என்ன பீப்பாய், என்றைக்கு பாட்டிலில் அடைத்தது.

ஆல்கஹால் 10 முதல் 14 சதவீதம் வரை இருக்கும். 355 மில்லி பாட்டில் 12 சதவீதம் என்றால், அது சாதாரண 5 சதவீத பீர் கிட்டத்தட்ட இரண்டரைக்குச் சமம். 650 மில்லி பாட்டில் நாலரைக்குப் பக்கத்தில் வரும். தனியாக உட்கார்ந்து ஒரு பெரிய பாட்டிலை முடித்துவிட்டு மதிப்பெண் போட முடியாது.

பழத்தில் முழுப்பழமா, கூழா, சாறா, வெறும் எசென்ஸா என்று பாருங்கள். மிச்சிகனில் அதிகம் கிடைப்பது செர்ரி சேர்த்தது. அமெரிக்காவின் புளிப்புச் செர்ரியில் பெரும்பகுதி இங்கேதான் விளைகிறது, டிராவர்ஸ் சிட்டி பக்கம் அதிகம். மோன்ட்மொரென்சி என்று லேபிளில் இருந்தால் அந்தச் செர்ரிதான்.

பீப்பாயில் ஒரு நுணுக்கம் உண்டு. போர்பன் விஸ்கியை, உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊற வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒரு தடவை பயன்படுத்திய பீப்பாய் மறுபடி போர்பனுக்கு உதவாது. சுமார் 200 லிட்டர் பிடிக்கும் அந்தப் பீப்பாய்களை பீர் காய்ச்சுபவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் போர்பன் பீப்பாயில் ஊறியது என்றால் மரத்தோடு விஸ்கியும் சேர்ந்து வரும். 'ஓக்கில் ஊறியது' என்று மட்டும் போட்டிருந்தால் ஓக் சில்லுகளை பீரில் போட்டு எடுத்ததாகவும் இருக்கலாம். அது குற்றமில்லை, ஆனால் விஸ்கி வாசனையைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள்.

தேதிதான் நான் ஏமாந்த இடம். கருப்பு ஸ்டவுட் வருடக்கணக்கில் தாங்கும் என்று கேள்விப்பட்டு, ஒரு கடையில் ஜன்னல் ஓரமாக வெயிலில் நின்ற மூன்று வருடப் பழைய பாட்டிலைத் தள்ளுபடியில் வாங்கினேன். திறந்தால் சோயா சாஸ் வாசனை. ஸ்டவுட் தாங்கும், பழம் தாங்காது. முதலில் மங்குவது பழ மணம்தான். பழம் சேர்த்ததை ஒரு வருடத்துக்குள் குடித்துவிடுங்கள்.

2. அடையாள அட்டையும் செலவும்

வயது 21 ஆகியிருக்க வேண்டும். நரைத்த தலையோடு போனாலும் அட்டை கேட்பார்கள். போனில் எடுத்த படம் செல்லாது. மிச்சிகன் ஓட்டுநர் உரிமம் இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் வேலை விசாவில் இருப்பவர்களுக்கு உரிமம் விசாக் காலத்தோடு சேர்ந்து முடிந்துவிடும். நீட்டிப்புக்குக் காத்திருக்கும் மாதங்களில் அந்த அட்டை காலாவதியாகிக் கிடக்கும், கடையில் அதை ஏற்க மாட்டார்கள். அந்த மாதங்களில் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

25 டாலர் பாட்டிலுக்கு 6 சதவீத விற்பனை வரி, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் 10 சென்ட் வைப்புத்தொகை, ஆக 26 டாலர் 60 சென்ட். நாலு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஏழு டாலருக்குள்.

புதியவர்கள் நேரே பெரிய பாட்டிலுக்குப் போக வேண்டாம். பீர் காய்ச்சும் ப்ரூவரியிலேயே, உட்கார்ந்து குடிக்க டாப்ரூம் என்று ஒரு கூடம் இருக்கும். அங்கே 120 மில்லி மட்டும் ஊற்றித் தரச் சொல்லுங்கள். நான் கொடுத்த விலை நாலிலிருந்து ஆறு டாலர். ஹாலந்து ஊரில் இருக்கும் நியூ ஹாலந்து ப்ரூவரியின் டிராகன்ஸ் மில்க் போல, 11 சதவீதத்தில் போர்பன் பீப்பாயில் ஊறிய, பழம் சேராத ஸ்டவுட் ஒன்றை முதலில் குடித்துப் பாருங்கள். பீப்பாய் என்ன தருகிறது என்று தெரிந்த பிறகுதான், பழம் என்ன சேர்த்தது என்று சொல்ல முடியும்.

இந்த வகை பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கடைக்கு வரும். கோடையில் அலமாரியில் இருந்தால் தேதியை இரண்டு தடவை பாருங்கள்.

3. நாளும் ஆட்களும்

சளி பிடித்திருந்தால் தள்ளிப் போடுங்கள். மருந்து மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். ருசிக்கும் நாளில் யாரும் வண்டி எடுக்கக் கூடாது, குடிக்காத யாராவது வந்து அழைத்துப்போகட்டும். மூடி திறந்த பாட்டிலைக் கார் இருக்கை பக்கம் வைத்து ஓட்டுவதும் இங்கே குற்றம், மிச்சம் இருந்தால் டிக்கியில் வையுங்கள்.

நம் வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதை எந்த வழிகாட்டியிலும் நான் படித்ததில்லை. தாளித்த வாசனை. கடுகும் பெருங்காயமும் பொரிந்த சமையலறையில் மூன்று மணி நேரம் ஆனாலும் மூக்கு சுத்தமாகாது. குளிர்காலத்தில் ஜன்னலும் சாத்தியிருக்கும். சாம்பிராணி, ஊதுபத்தி, மல்லிகைப்பூ எண்ணெய், வாசனை சோப்பு எல்லாம் இதே கணக்கு. நான் இப்போது சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ருசிக்கிறேன். காலையில் இட்லி, மதியம் தயிர்சாதம், அதோடு சரி.

பிரியாணி ஏன் கெடுத்தது என்பதும் பிறகுதான் புரிந்தது. கிராம்புக்கு மணம் தரும் யூஜெனால் என்ற பொருள் ஓக் மரத்திலும் இருக்கிறது. நாக்கு முழுக்க கிராம்போடு உட்கார்ந்தால், பீப்பாய் தரும் அந்த லேசான கிராம்பு வாசனை எங்கே தெரியும்?

4. கிளாஸும் சூடும்

அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். சாதாரண வைன் கிளாஸ் போதும், புதிதாக வாங்கத் தேவையில்லை. சோப்புப் பசை இல்லாமல் வெந்நீரில் அலசுங்கள். உள்ளே தண்ணீர் விட்டுக் கவிழ்த்தால் படலமாக வழிய வேண்டும். முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, நுரை நிற்காது.

ஃப்ரிட்ஜில் இருப்பது 4 டிகிரி செல்சியஸ் போல. அந்தக் குளிரில் மணம் மேலே எழாது, கசப்பும் கரியும்தான் முன்னால் நிற்கும். 10 முதல் 13 டிகிரி வேண்டும். பெரிய பாட்டிலை முக்கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். சின்ன பாட்டிலுக்கு அரை மணி. கிளாஸை ஃப்ரீசரில் வைக்கவே வைக்காதீர்கள்.

ஆளுக்கு 90 மில்லி ஊற்றினால் போதும். பக்கத்தில் தண்ணீர், உப்பு குறைந்த பிஸ்கட்.

5. முதலில் மூக்கு

பார்ப்பதற்கு முன்னாலேயே முகருங்கள். சில மணங்கள் ஊற்றிய முதல் நிமிடத்திலேயே போய்விடும். கிளாஸை மூக்குக்குக் கீழே ஒரு தடவை கடத்துங்கள், அப்புறம் குட்டிக் குட்டியாக இரண்டு மூச்சு, அப்புறம் நீளமாக ஒன்று. உள்ளங்கையால் மூடி, மெல்லச் சுழற்றி, கையை எடுத்த உடனே இன்னொரு தடவை. மூக்கு மரத்துப்போனால் உங்கள் சட்டைக் கையை முகர்ந்துவிட்டு வாருங்கள்.

மணத்தை எழுதும்போது லேபிளில் இருப்பதைத் திருப்பி எழுதாதீர்கள். இதுதான் புதியவர்கள் எல்லோரும் விழும் குழி, நானும் பல மாதம் விழுந்தே கிடந்தேன். லேபிளில் 'டார்க் ஃப்ரூட், மொலாசஸ்' என்று இருந்தால் என் நோட்டிலும் அதுவே இருக்கும். மொலாசஸ் என்பது சர்க்கரை காய்ச்சும்போது மிஞ்சும் கருப்புப் பாகு, அதை நான் வாழ்க்கையில் முகர்ந்ததே கிடையாது. ஒரு நாள் கண்ணை மூடி முகர்ந்தபோது வந்தது கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டியை உடைத்த வாசனை. அதை எழுதிய பிறகுதான் என் நோட்டு எனக்கே பயன்பட ஆரம்பித்தது. தேங்காய் வந்தால் தேங்காய் என்று எழுதுங்கள், ஓக்கில் இருக்கும் லாக்டோன் என்ற பொருள் நிஜமாகவே அந்த மணம் தரும். பேரீச்சை, உலர்திராட்சை, காப்பிக்கொட்டை வறுத்த புகை, பழம்புளி, இப்படி எது தெரிகிறதோ அது. ஆங்கிலத் தாளில் எழுத வேண்டி வந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். முதலில் பிடிபட வேண்டும்.

செர்ரி என்றால் பழ மணத்தோடு பாதாம் எசென்ஸ் போல ஒரு வாசனை வரலாம். அது கொட்டையிலிருந்து வருவது, குறை அல்ல. இருமல் மருந்து நினைவு வருவதும் சகஜம், பல இருமல் மருந்துகளுக்குச் செர்ரி எசென்ஸ்தான் போடுகிறார்கள். மருந்து ஞாபகம் வந்தது என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். பழம் பழமாகத் தெரிகிறதா, மிட்டாயாகத் தெரிகிறதா என்று கேளுங்கள்.

நிறத்தைப் பார்ப்பது சீக்கிரம் முடிந்துவிடும்: கருப்பா, விளிம்பில் சிவப்பு ஓடுகிறதா, நுரை என்ன நிறம். ஆல்கஹால் கூடின பீரில் நுரை சீக்கிரம் அடங்குவது இயல்பு.

6. அப்புறம் நாக்கு

ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, விழுங்கிய பிறகு மூக்கால் மூச்சு விடுங்கள். முதல் வாயை நம்ப வேண்டாம். அது நாக்கைத் தயார் செய்வதற்கு. இரண்டாவது வாயிலிருந்து எழுதுங்கள்.

பழம் சேர்த்தது என்றால் இனிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழத்தின் சர்க்கரையைப் பெரும்பாலும் ஈஸ்ட் தின்றுவிடும். மிஞ்சுவது புளிப்பும் மணமும்தான். இனிப்பு, மால்ட் என்ற முளைகட்டிய தானியத்திலிருந்து வருவது. அந்த இனிப்பைப் பழத்தின் புளிப்பு வெட்டுகிறதா, இல்லை இரண்டும் தனித்தனியாக நிற்கிறதா என்பதுதான் இந்த வகையில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி.

இனி துவர்ப்பு. இந்த பீரில் துவர்ப்பு மூன்று வழியில் வரும்: பழத்தோலும் விதையும், ஓக் மரம், வறுத்த தானியம். கிளப்பில் என்னோடு ருசித்தவர்களில் பலர் இதைக் கசப்போடு குழப்பிக்கொண்டு, கசப்பு அதிகம் என்று எழுதினார்கள். நமக்குக் குழம்ப வேண்டிய அவசியமே இல்லை. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்து வளர்ந்தவர்கள் நாம். நாவல்பழம் தின்று நாக்கு தடித்ததும், வாழைப்பூவை நறுக்கும்போது கை பிசுபிசுத்ததும், கடுக்காய் வைத்த வாயும் நமக்குத் தெரியும். சோதனை இதுதான்: விழுங்கிய பிறகு நாக்கை மேல் ஈறின் மேல் நகர்த்துங்கள். வழுக்கினால் துவர்ப்பு இல்லை. சொரசொரவென்று பிடித்தால் இருக்கிறது. லேசாகப் பிடித்து அடங்கினால் நல்லது, இனிப்பு திகட்டாமல் காப்பது அதுதான். வாய் காய்ந்து தண்ணீர் கேட்டால் பீப்பாயில் அளவுக்கு மேல் கிடந்திருக்கிறது. இதை மதிப்பெண் தாளில் ருசிக் கட்டத்தில் எழுதாமல், வாயுணர்வு (வாய்க்குள் எப்படி இருக்கிறது) என்ற கட்டத்தில் எழுதுங்கள்.

ஆல்கஹாலிலும் இரண்டு விதம். சுக்குக் கஷாயம் இறங்குவது போல நெஞ்சில் கதகதப்பு வந்தால் சரி. தொண்டையைச் சுரண்டினால் குறை.

உண்மையான குறைகள் கொஞ்சம்தான், அவற்றைத் தெரிந்துகொண்டால் போதும். மூக்கில் குத்தும் வினிகர்: பீப்பாயில் காற்றுப் புகுந்து அசிட்டிக் அமிலம் உண்டாகியிருக்கிறது. நகப்பூச்சு வாசனை: எத்தில் அசிட்டேட். உருக்கிய வெண்ணெய்: டையசிட்டைல். நனைந்த அட்டைப்பெட்டி அல்லது சோயா சாஸ்: பழசு. ஆனால் பெல்ஜியத்து ஃபிளாண்டர்ஸ் பக்கத்து பீர்களில் புளிப்பை வேண்டுமென்றே கொண்டுவருவார்கள். ரோடன்பாக் அப்படித்தான், பெரிய ஓக் தொட்டிகளில் ஊறியது. அதைப் புளித்துவிட்டது என்று எழுதினால் தப்பு உங்கள் பக்கம்.

7. ஒரு மணி நேரம் காத்திருங்கள்

எல்லாவற்றையும் விட இதைத்தான் அழுத்திச் சொல்வேன். மூன்று தடவை எழுதுங்கள்: ஊற்றியதும், 25 நிமிடத்தில், ஒரு மணி நேரத்தில். எண் போடுவது கடைசித் தடவை மட்டும்.

சென்ற ஜனவரியில் ருசித்த ஒரு செர்ரி ஸ்டவுட்டுக்கு என் நோட்டில் இருப்பது இது.

மணி 3.10: "காப்பி, கரி. செர்ரி எங்கேயோ தூரத்தில். விஸ்கி முன்னால் நிற்கிறது. கொஞ்சம் ஏமாற்றம்."

மணி 3.35: "கருப்பட்டி. தேங்காய்த் துருவல் வறுத்த மணம். செர்ரி வந்துவிட்டது, தோலோடு கடித்த மாதிரி. நுரை போய்விட்டது."

மணி 4.10: "விஸ்கி அடங்கி வெனிலா ஆகிவிட்டது. புளிப்பு கடைசியில் வந்து இனிப்பைத் துடைக்கிறது. ஈறில் லேசான பிடிப்பு. இன்னொரு வாய் கேட்கிறது. கூழ் போல அடர்த்தி, கொஞ்சம் குறைந்திருக்கலாம்."

3.10-க்கே எண் போட்டிருந்தால் 30 தாண்டியிருக்காது.

8. மதிப்பெண் தாள்

பி.ஜே.சி.பி. என்ற பீர் நடுவர் அமைப்பின் தாளைப் பயன்படுத்துங்கள். இணையத்தில் இலவசம், ஒரு பக்கம்தான். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயுணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. ஆக 50.

மேலே சொன்ன பீருக்கு நான் போட்டது: மணம் 9, தோற்றம் 3, ருசி 15, வாயுணர்வு 4, மொத்த அபிப்பிராயம் 8. கூட்டினால் 39. அந்தத் தாளின்படி 38 முதல் 44 வரை மிகச் சிறப்பு, 45-க்கு மேல் அபூர்வம், 30 முதல் 37 ரொம்ப நன்று, 21 முதல் 29 நன்று. எவ்வளவு மோசமான பீராக இருந்தாலும் 13-க்குக் கீழே போவதில்லை என்பது நடுவர்களின் வழக்கம்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, விலையும் வரிசையில் நின்று வாங்கிய பெருமையும் மதிப்பெண்ணுக்குள் வரக் கூடாது. முடிந்தால் வேறு யாராவது ஊற்றிக் கொடுக்கட்டும். இரண்டு, பழம் பலமாகத் தெரிவதால் மட்டும் மதிப்பெண் கூட்டாதீர்கள். பழத்தை எடுத்துவிட்டால் கீழே ஸ்டவுட் நிற்குமா, ஸ்டவுட்டுக்குப் பின்னால் மரம் தெரியுமா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று மற்ற இரண்டையும் விழுங்கியிருந்தால், அது எவ்வளவு ருசியாக இருந்தாலும் நான் 37 தாண்டுவதில்லை.

எழுதி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒருவர் "வாழைப்பழம் தெரியுது" என்றால் அடுத்த நிமிடம் எல்லோருக்கும் வாழைப்பழம் தெரியும். எழுதிய பிறகு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழு புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி முகர்ந்து பேசுங்கள்.

9. நடுவர் தேர்வு எழுத ஆசை வந்தால்

இரண்டு கட்டம். முதலில் ஆன்லைன் தேர்வு, நான் கட்டியது 10 டாலர். அடுத்தது நேரில் நடக்கும் ருசித் தேர்வு, 40 டாலர் கட்டினேன். 90 நிமிடத்தில் ஆறு பீர், ஆறு தாள்.

ஆன்லைனில் தேறினால் ஒரு வருடத்துக்குள் ருசித் தேர்வை எழுதிவிட வேண்டும். தவறினால் முதலிலிருந்து வர வேண்டியதுதான். ருசித் தேர்வுக்கு இடங்கள் ரொம்பக் குறைவு, பக்கத்து ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். நான் ஆன்லைன் தேர்வை முதலில் முடித்துவிட்டு, இடம் தேடி ஒன்பது மாதம் அலைந்தேன். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். உள்ளூர் கிளப்பில் கேட்டு ருசித் தேர்வுக்கு ஒரு இடம் பிடித்துத் தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் ஆன்லைன் தேர்வை எழுதுங்கள்.